தம்புள்ளைக்குப் போகும் வழியில் ஒரு பழைய மையவாடி

பாடசாலை விடுமுறை வந்தால் சீகிரியாவுக்கு வேன் பிடிக்கும் பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடும். குருநாகல் பாதையால் போகும் நாம், தம்புள்ளை நகருக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் இருக்கையில் ஓர் அரிய இடத்தைக் கவனியாமலே கடந்து விடுகிறோம். அதுதான் இப்பன்கட்டுவ.

இங்குள்ள கல்லறைகள் கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டவை எனக் கணிக்கப்படுகிறது. நம் நாட்டில் கல்லில் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் வருவதற்கும் முந்திய காலம் அது. 1970இல் தொல்பொருள் திணைக்களம் இவ்விடத்தைக் கண்டறிந்தது. பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்டது 2017இல்தான்.

நான்கு புறமும் கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லால் மூடிய பெட்டி போன்றது ஒவ்வொரு கல்லறையும். இறந்தோரை எரித்து, சாம்பலை மட்பாண்டங்களில் இட்டு உள்ளே வைத்தனர். கூடவே கருவிகளும் மணிகளும் வைத்திருக்கின்றனர். அவற்றுள் சிவந்த கார்னீலியன் மணிகளும் உண்டு. அக்கல் நம் மண்ணில் கிடைப்பதில்லை. கடல் கடந்து வந்த பொருள் அன்றே இந்த உள்நாட்டுக் கிராமத்தை எட்டியிருக்கிறது!

இதே பெருங்கற்காலப் பழக்கம் தென்னிந்தியாவிலும் இருந்தது. அங்கே கல்லறையைச் சுற்றிக் கற்களை வட்டமாக நாட்டியதும் உண்டு. நம் புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

நாங்கள் முதல் தடவை போனது உச்சி வெயிலில். பிள்ளைகளுக்கு எதையும் சொல்லி வைக்கவுமில்லை. பசியோடு இறங்கிய மகன், "வெறும் கல்தானே!" என்று ஒரு மூடுகல்லில் ஏறப் பார்த்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிழை அவனுடையதல்ல, என்னுடையதுதான்.

ஆகவே சகோதரிகளே, பயணத்தை இப்படி ஒழுங்கு செய்யுங்கள். திறக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் இவ்விடத்தைப் பார்த்து முடியுங்கள். லுஹரையும் பகலுணவையும் தம்புள்ளை நகரில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் போத்தலும் குடையும் கையிலிருக்கட்டும். இது மனிதரை அடக்கிய இடம் என்பதை முதல்நாள் இரவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கல்லில் ஏறவோ உட்காரவோ கூடாது. ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம்.

மறுமுறை அப்படித்தான் போனோம். என் உம்மா மௌத்தாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மகள் நெடுநேரம் அந்தக் கற்களையே பார்த்து நின்றாள்.

"உம்மா, உம்மும்மாவோடு நாம் என்ன வைத்தோம்?"

"ஒன்றுமில்லை மகள். கபன் துணி மட்டும்தான்."

"இவர்களுக்கு மணியெல்லாம் வைத்தது யார்?"

"அவர்களுடைய பிள்ளைகளாக இருக்கலாம்."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. மையவாடிக்குப் போகாத அந்தப் பிள்ளை, உம்மும்மாவைப் பற்றி அன்றுதான் என்னோடு வாய்திறந்து பேசினாள். வேன் சீகிரியாவை அடையும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது இந்த இடத்துக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போய்வந்த பின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.