கடன் அட்டை மறுக்கப்பட்டால்...

மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. வாங்கிய கடனுக்கு ஒரு தவணைகூடத் தப்பியதில்லை. அப்படியிருந்தும் கடன் அட்டை கேட்டு விண்ணப்பித்தவருக்கு, "ஏற்க இயலவில்லை" என்று வங்கி பதில் அனுப்புகிறது. காரணம் கேட்டால், "குறுகிய காலத்தில் பல விசாரணைகள்" என்கிறார்கள். யார் விசாரித்தார்கள்? எதற்காக விசாரித்தார்கள்? இதில் நம் குற்றம் என்ன? இன்று பல இல்லங்களில் எழும் இவ்வினாக்களுக்கு விடை காண்பது பயனுடையதாகும்.

முற்காலத்தில் கடன் கொடுப்பவர், கேட்பவரைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் விசாரித்தார். இன்று அப்பணியைக் கடன் தகவல் நிறுவனங்கள் செய்கின்றன. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் நம் நாட்டில் இவற்றுள் மூத்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்பன ஏனைய மூன்று. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனிச் சட்டத்தின்கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன. நாம் கடனைத் திருப்பிச் செலுத்தும் விவரங்களை வங்கிகள் இந்நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு நமக்கு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது.

நாம் கடனுக்கோ கடன் அட்டைக்கோ விண்ணப்பித்தவுடன், வங்கி நம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குகிறது. அவ்வாறு கேட்டதே நம் அறிக்கையில் ஒரு 'விசாரணை'யாகப் பதிவாகிவிடுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், நாமே வேண்டாமென்று பின்வாங்கினாலும், அப்பதிவு நிற்கும். ஒன்றிரண்டு பதிவுகளால் பெருங்கேடு இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்தாறு பதிவுகள் காணப்பட்டால், "இவர் பணமுடையில் பல கதவுகளைத் தட்டுகிறார், எல்லோரும் கொடுத்துவிட்டால் எப்படித் திருப்பிக் கட்டுவார்?" என்னும் ஐயம் வங்கிக்கு எழுகிறது. நம் நாணயத்தின்மீது எவரும் பழி கூறவில்லை. பதிவுகளின் எண்ணிக்கையே ஐயத்தை விளைவிக்கிறது.

இத்தனை பதிவுகள் எவ்வாறு சேர்கின்றன? பெரும்பாலும் நாம் அறியாமலேதான். கடைவீதியில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் இளைஞர், "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள், சார்" என்கிறார். கைபேசியில், "உங்கள் தகுதியை அறிய இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு வரி வருகிறது. படித்துப் பாராமல் சம்மதம் கொடுத்துவிடுகிறோம். இருசக்கர வண்டி வாங்கச் சென்றால், விற்பனையாளர் நம் விண்ணப்பத்தை ஒரே நாளில் மூன்று நான்கு நிதி நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. வண்டி ஒன்று, விசாரணையோ நான்கு!

உண்மையான ஆபத்து மறுப்புக்குப் பின்னரே தொடங்குகிறது. ஒரு வங்கி மறுத்தால் மறுநாளே அடுத்த வங்கியை நாடுகிறோம். அங்கும் ஒரு பதிவு. சேற்றில் சிக்கியவர் உதற உதறக் கால் ஆழப் புதைவது போன்றதே இது. இறுதியில் பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ, கொடிய வட்டி வாங்கும் கைபேசிக் கடன் செயலிகளிடம் போய் விழுந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே, மறுப்புக் கிடைத்தவுடன் செய்யவேண்டியவை யாவை?

முதலாவதாக, நிறுத்துங்கள். ஆறு மாதமேனும் புதிய விண்ணப்பம் எதுவும் வேண்டாம். நாட்கள் செல்லச் செல்லப் பழைய விசாரணைகளின் வலு குறையும்.

இரண்டாவதாக, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் அட்டை விண்ணப்பத்தை மறுக்கும் நிறுவனம், அதற்குரிய குறிப்பான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதி. காரணம் கேட்பது யாசகமன்று, நம் உரிமை.

மூன்றாவதாக, உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் படியுங்கள். மேற்சொன்ன நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்கக் கடமைப்பட்டவை. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. விசாரணைப் பகுதியை வரிவரியாகப் பாருங்கள். நாம் அணுகாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், வேறொருவர் நம் பான் எண்ணைப் பயன்படுத்தியிருக்கவும் கூடும். உடனே கடன் தகவல் நிறுவனத்துக்கும் சம்பந்தப்பட்ட வங்கிக்கும் முறையிட வேண்டும். முறையீடு 30 நாட்களில் தீர்க்கப்படாவிடில், அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பயனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். உண்மையான பதிவுகளையே பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தருவதாகக் கூறும் தரகர்களை மட்டும் நம்பாதீர்கள்.

நான்காவதாக, இருக்கும் கடன்களை ஒழுங்காகச் செலுத்தி வாருங்கள். மதிப்பெண்ணை உயர்த்துவதில் இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. அட்டை இன்றியமையாததெனில், வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாக இட்டு, அதன் ஈட்டின்மீது அட்டை பெறலாம். முந்தைய விசாரணைகள் அதற்குப் பெருந்தடையாக இருப்பதில்லை.

இவை யாவற்றுக்கும் மேலாக, கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து பேசவேண்டிய ஒன்று உண்டு. இந்த அட்டை எதற்கு? மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டக்கூடிய வசதிக்காகவா, அல்லது வரவுக்கு மிஞ்சிய செலவை மூடி மறைக்கவா? நிலுவை வைத்தால் பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3 விழுக்காட்டையும் தாண்டும். ஆண்டுக் கணக்கில் அது 36 விழுக்காட்டுக்கு மேலாகும். வருவாயில் துண்டு விழும் வீட்டில் அட்டை அந்தத் துண்டை இன்னும் பெரிதாக்கும்.

கணவர் மனைவிக்குத் தெரியாமலும், மனைவி கணவருக்குத் தெரியாமலும் விண்ணப்பிக்கும்போதுதான் விசாரணைகள் பெருகுகின்றன, கவலையும் பெருகுகிறது. மறுப்புச் செய்தியை ஒளித்து வைக்காமல் வீட்டாரிடம் கூறுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம், எந்தக் கடனை முதலில் தீர்க்கலாம் என்று கூடி முடிவு செய்யுங்கள். வங்கி இன்று மறுத்தது ஓர் அட்டையை மட்டுமே. குடும்பத்தின் மதிப்பை அன்று.