பேர் கூப்பிடும் நேரம்

இரும்பு கண் விழிக்கும் கதை – 6

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் மின்சாரம் ஏறி, சில்லுக்குள்ளேயே பொறித்து வைத்த பூட் ரோம் ஓடி முடிந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இனி கடிகாரம்.

பலகையில் ஒரு படிகம் இருக்கிறது. நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் துடிப்பு, அதாவது 24 மெகாஹெர்ட்ஸ். செயலியோ 1000 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பிஎல்எல் என்ற சுற்று அந்த 24ஐ 24ஆல் வகுத்து ஒன்றாக்கி, ஆயிரத்தால் பெருக்கித் தருகிறது. கணக்கு எளிது. வரிசைதான் வில்லங்கம். வேகத்தைக் கூட்டுவதற்கு முன்பே மின்னழுத்தம் 1.325 வோல்ட்டுக்கு ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்றித் தருவது டிபிஎஸ்65217 என்ற இன்னொரு சில்லு. அதனிடம் கேட்க ஐ2சி கம்பி வழியாகப் பேச வேண்டும். ஐ2சி பேச அதற்கென்று ஒரு கடிகாரம் வேண்டும். ஆக, பெரிய கடிகாரத்தை வேகப்படுத்த முதலில் ஒரு சின்னக் கடிகாரத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது திரையில் ஒரு எழுத்துகூட வராது. எழுத்தை வெளியே அனுப்பும் யூஆர்ட்டுக்கும் கடிகாரம் வேண்டுமே!

கடிகாரம் இல்லாத பகுதியைத் தொட்டால் என்ன ஆகும்? இதே பலகையில் நீல விளக்குகள் நான்கு. அவற்றை ஆட்டிவைப்பது ஜிபிஐஓ1 என்ற பகுதி; முகவரி 0x4804C000. இயங்குதளம் எதுவுமில்லாமல் நாமே நிரல் எழுதி அந்த முகவரியில் நேராகக் கை வைத்தால் விளக்கு எரியாது, செயலிதான் பிழையில் விழும். முதலில் 0x44E000AC என்ற கடிகாரப் பதிவேட்டில் 2 என்று எழுத வேண்டும். எழுதியதும் ஓடிவிடவும் கூடாது. அதே பதிவேட்டின் 16, 17ஆம் பிட்டுகள் சுழியமாகும் வரை திரும்பத் திரும்பப் படித்துக் காத்திருக்க வேண்டும். சுழியம் என்றால் ‘தயார்’. புதிதாக வருகிறவர்கள் பலரும் இந்தக் காத்திருப்பை விட்டுவிடுவார்கள். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, பழி கம்பி இணைப்பின் மேல் விழும்.

மலேசியாவின் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, அடுத்து இயங்குதளத்தின் மையமான கர்னல் செய்வதை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். அது பெரட்டு. இருட்டோடு மணி அடிக்கும், களத்தில் ஆட்கள் நிற்பார்கள், கிராணி செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசிப்பார், அதற்குப் பிறகுதான் யாருக்கு எந்த நிரை என்ற பேச்சு. லினக்ஸில் இந்தச் செக்ரோலுக்கு ‘ஹெச்டபிள்யூமாட்’ என்று பேர் வைத்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சில்லுகளுக்காக 2009 வாக்கில் பால் வாம்ஸ்லி முதலானோர் எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவு: பேர், எந்தக் கடிகாரம், எந்தப் பதிவேட்டில் திறப்பது, விதிவிலக்கு ஏதும் உண்டா. பகுதிகளை இயக்கும் டிரைவர்கள் வருமுன்பே கர்னல் பட்டியலை வரிசையாக வாசித்து, கடிகாரத்தைத் திறந்து, பகுதியை ரீசெட் செய்து, மறுபடி ஓய்வில் உட்கார வைக்கிறது. காலம் காட்டும் டைமருக்கு மட்டும் இன்னும் முன்கூட்டியே அழைப்பு. அது இல்லாமல் கர்னலுக்கு நேரமே ஓடாது.

கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் ஏற்கெனவே திறந்து வைத்ததை எதற்கு மறுபடி ரீசெட் செய்வது? காரணம் பேட்டரி. ஹெச்டபிள்யூமாட் கோப்பின் தலைப்பில் பதிப்புரிமை நோக்கியாவின் பேரில் இருக்கிறது. அதே 2009இல் வந்த நோக்கியா என்900 கைபேசியில் ஓமாப் 3430 சில்லு, 1320 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. பூட்லோடர் அரைகுறையாக விட்டுப்போன ஒரே ஒரு பகுதி தூங்க மறுத்தால் அது சேர்ந்திருக்கும் மின்வட்டாரம் முழுவதும் தூங்காது. முன்னால் ஓடியவன் ஒழுங்காக முடித்திருப்பான் என்று நம்பாததுதான் இந்த நிரலின் பெரிய குணம் என்பேன்.

நம்பாமை எல்லை மீறினாலும் ஆபத்து. நினைவகத்தை நடத்தும் இஎம்ஐஎஃப் பகுதியை ரீசெட் செய்தால் என்ன ஆகும்? அந்த நினைவகத்தில் உட்கார்ந்துதான் கர்னலே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காகவே ‘ரீசெட் வேண்டாம்’, ‘ஓய்வு வேண்டாம்’ என்று கொடிகள் வைத்தார்கள். ஜிபிஐஓவின் ஒரு காலால் நினைவகத்தின் மின்சாரத்தைப் பிடித்திருக்கும் பலகைகளுக்கும் அதே சலுகை. இந்தப் பட்டியல் பிற்பாடு பெரும்பாலும், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்புக்கு இடம் மாறிவிட்டது. சலுகைகள் கூடவே போயின.

இன்னொரு சோதனை கடைசியில் வரும். மைக் டர்கெட் எழுதிய பொதுக் கடிகாரச் சட்டகம் 2012இல் லினக்ஸ் 3.4இல் சேர்ந்தது. பூட் முடியும் தறுவாயில் அது எல்லாக் கடிகாரங்களையும் பார்த்து, எந்த டிரைவரும் உரிமை கோராததை அணைத்துவிடும். பூட்லோடர் காட்டிய லோகோ திரையில் அழகாக நின்று, ஓரிரு நொடியில் சட்டென்று இருண்டால் திரையைக் கழற்ற வேண்டாம். பூட் வரியில் ‘சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு’ என்று சேர்த்துப் பாருங்கள். படம் நின்றால் சந்தேகம் உறுதி; ஆனால் அதை அப்படியே விட்டுப் பொருளை விற்கக் கூடாது, பேட்டரி தின்னும். ‘சிஎல்கே_சம்மரி’ கோப்பைத் திறந்து, திரைக்குரிய கடிகாரத்துக்கு நேரே எத்தனை பேர் உரிமை கோரியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே சுழியம் இருந்தால், திரையின் டிரைவர் தன் கடிகாரத்தைக் கேட்கவே இல்லை.