சம்மதத்தின் ஆட்சி கேட்டவர்

பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதிட்ட பிரிட்டிஷ் பிரமுகர்கள் ஒரு காரணத்தை மற்ற எல்லாவற்றையும்விட உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசு கடைசியில் உடல் பலத்தின் மேல்தான் நிற்கிறது. எல்லையைக் காக்கவும் கலகத்தை அடக்கவும் ஆண்தான் போக வேண்டும். ஆயுதம் ஏந்தாதவளுக்கு ஆளும் உரிமை எதற்கு என்றார்கள். பெண்களும் நாட்டுக்காக உழைக்கிறார்கள், பிள்ளை பெறுவதிலும் உயிர் போகும் ஆபத்து உண்டு என்று பலர் பதில் சொன்னார்கள். ஹெலினா ஸ்வான்விக் அந்தக் காரணத்தின் வேரிலேயே கை வைத்தார். பலம்தான் ஆளும் என்றால் பெண் என்றைக்கும் தோற்றவள்தான். ஆகவே பெண் விடுதலை கேட்பவர் பலத்தின் ஆட்சியையே எதிர்த்தாக வேண்டும். அது தெருவில் நடந்தாலும் சரி, நாடுகளுக்கு நடுவே நடந்தாலும் சரி. வாக்குரிமை இயக்கத்தில் இருந்தார், பிறகு சமாதான இயக்கத்துக்குப் போனார் என்று இவர் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்து எழுதுவது சுலபம். அது தவறு. அவர் ஆயுள் முழுக்கச் செய்தது ஒரே வேலை.

1864இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்தார். தந்தை ஆஸ்வால்ட் சிக்கர்ட் ஓவியர். அண்ணன் வால்டர் சிக்கர்ட் பிற்காலத்தில் தந்தையைவிடப் புகழ்பெற்ற ஓவியர். ஹெலினாவுக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. பொழுது சாய்ந்த பிறகு ஆண்பிள்ளைகள் வெளியே போகலாம், பெண் போகக் கூடாது, ஆண்கள் தொந்தரவு செய்வார்கள் என்று வீட்டில் காரணம் சொல்லப்பட்டது. தொந்தரவு செய்கிற ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பூட்டி வைக்கிற சமூகத்தின் மேல் அன்று பொங்கிய ஆத்திரத்தை, 1935இல் எழுதிய சுயசரிதையிலும் அவர் மறக்காமல் குறிப்பிட்டார். பலம் உள்ளவன் குற்றம் செய்ய, பலம் இல்லாதவள் தண்டனை அனுபவிக்கிறாள். பின்னாளில் அவர் எழுதிய அரசியல் எல்லாவற்றுக்கும் விதை அந்த வாசற்படியில் கிடக்கிறது. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படித்தார், கொஞ்ச காலம் உளவியல் கற்பித்தார், 1888இல் கணித விரிவுரையாளர் ஃப்ரெடெரிக் ஸ்வான்விக்கை மணந்து மான்செஸ்டர் போனார். அங்கே சி. பி. ஸ்காட் நடத்திய ‘மான்செஸ்டர் கார்டியன்’ நாளிதழில் எழுதத் தொடங்கினார்.

1905 அக்டோபரில் மான்செஸ்டரில் ஒரு லிபரல் கட்சிக் கூட்டத்தில் கேள்வி கேட்டதைத் தொடர்ந்து கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட்டும் அன்னி கென்னியும் சிறைக்குப் போனார்கள். அந்தச் செய்தி ஸ்வான்விக்கையும் உலுக்கியது. ஆனாலும் அவர் சேர்ந்தது அவர்களுடைய போராளிச் சங்கத்தில் அல்ல. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் சட்டத்துக்கு உட்பட்டுப் போராடிய வாக்குரிமைச் சங்கங்களின் தேசிய ஒன்றியத்தில். 1909இல் ஒன்றியத்தின் வார இதழான ‘காமன் காஸ்’ தொடங்கியபோது ஆசிரியரானார். போராளிச் சங்கத்தின் கல்லெறிதலும் தீவைப்பும் பெண்களின் வழக்கைப் பெண்களே தோற்கடிக்கும் வழி, ஏனென்றால் பலப்பரீட்சையில் வெல்லப்போவது எதிரிதான் என்பது அவருடைய கணக்கு. அதை இதழில் தயங்காமல் எழுத விரும்பினார். தலைமை அதற்கு எல்லை வகுக்க முயன்றபோது, 1912இல் பதவியை விட்டார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. போராளிச் சங்கத்தின் தலைவர்கள் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டும் கிறிஸ்டபெல்லும் போர் ஆதரவில் இறங்கினார்கள். ஃபாசெட்டும் அரசின் பக்கம் நின்று, ஜெர்மன் படை வெளியேறும் முன் சமாதானம் பேசுவது துரோகத்துக்குச் சமம் என்றார். ஸ்வான்விக், இ. டி. மோரெலும் ராம்சே மெக்டொனால்டும் தொடங்கிய ஜனநாயகக் கட்டுப்பாட்டு ஒன்றியத்தில் சேர்ந்தார். அதன் முதல் கோரிக்கை, ஒரு நிலப்பகுதியில் வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் அதை வேறு அரசுக்குக் கைமாற்றக் கூடாது என்பது. கேட்காமல் ஆளக் கூடாது என்று பெண்கள் பாராளுமன்றத்திடம் சொன்னதும் இதைத்தான். 1915 ஏப்ரலில் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாடு, மக்கள் சம்மதத்தையும் பெண் வாக்குரிமையையும் ஒரே மூச்சில் கேட்டது. பிரிட்டனிலிருந்து போக விரும்பியவர்கள் 180 பேர் வரை; அரசு மிகச் சிலருக்கே அனுமதி கொடுத்து, பிறகு கடல் வழியையும் அடைத்தது. மூன்று பேர்தான் கலந்துகொண்டார்கள். இந்த மாநாட்டை ஆதரிப்பதா என்ற கேள்வியில் தேசிய ஒன்றியம் பிளந்தது. ஸ்வான்விக், கேத்தரின் மார்ஷல், மாட் ராய்டன் உள்ளிட்ட பலர் வெளியேறினார்கள். அவ்வாண்டே உருவான பெண்கள் சர்வதேச லீகின் பிரிட்டிஷ் பிரிவுக்கு ஸ்வான்விக் தலைவரானார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சட்ட வழியில் நின்ற ஃபாசெட் போரை ஆதரித்தார். போராளிச் சங்கத்திலிருந்து வந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் போரை எதிர்த்தார். அதே பாசறையின் எம்மலின் பெத்திக்-லாரன்ஸ் ஹேக் மாநாட்டிலேயே இருந்தார். அப்படியானால் பெண் விடுதலைக்கும் போர் எதிர்ப்புக்கும் நடுவே ஸ்வான்விக் போட்ட முடிச்சு எங்கே நிற்கிறது? அவர் சொன்னது யார் எப்படி நடந்துகொள்வார் என்ற ஆரூடம் அல்ல. ஒரு கொள்கையை ஏற்றவர் அது இழுத்துச் செல்லும் இடம்வரை போக வேண்டும் என்பது. ஃபாசெட் பாதி வழியில் நின்றார். சில்வியா வேறு பாதையில் வந்து அதே இடத்தை அடைந்தார்.

போரில் பெண்கள் உழைத்ததால்தான் 1918இல் வாக்குரிமை கிடைத்தது, ஆகவே ஃபாசெட் எடுத்த முடிவே சரி என்பது இன்னொரு ஆட்சேபம். இது இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் வாக்கு கொடுத்தது 30 வயதைக் கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு. வெடிமருந்து ஆலைகளில் தோல் மஞ்சளாகும்வரை வேலை செய்தவர்களில் மிகப் பலர் இளம்பெண்கள். உழைப்புக்குக் கூலி என்றால் முதலில் அவர்களுக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்? அவர்கள் 1928 வரை காத்திருந்தார்கள்.

போர் நின்ற பிறகும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தது. ஜெர்மனியில் குழந்தைகள் பசியில் வாடின. லீகின் பெண்கள் பால்புட்டிகளுக்கான ரப்பர் காம்புகளை 10 லட்சம் அளவில் திரட்டி அனுப்பினார்கள். 1919 மே மாதம் ஜூரிக்கில் கூடிய அவர்களுடைய மாநாடு, ஜெர்மனியோடு செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் விதிகள் பகையை வளர்த்து இன்னொரு போருக்கு வழி செய்யும் என்று கண்டித்தது. 1924இல் முதல் தொழிற்கட்சி அரசு ஸ்வான்விக்கை ஜெனீவாவில் உலக நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கத்தின் பேரவைக்கு மாற்றுப் பிரதிநிதியாக அனுப்பியது. படைக்குறைப்பையும் வெளியுறவையும் ஆண்டுக்கணக்கில் படித்த அவரைச் சமூகநலன் பேசும் ஐந்தாம் குழுவில் உட்கார வைத்தார்கள், பெண் என்பதால்.

மிகக் கடினமான ஆட்சேபம் 1930களைப் பற்றியது. சர்வதேச சங்கம் ஆயுத பலத்தால் தண்டிக்கும் அமைப்பாக மாறக் கூடாது என்று 1937இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஹிட்லரின் கோரிக்கைகளைப் பெரும்பாலும் வெர்சாய் அநீதியின் பின்விளைவாகவே பார்த்தார். இதில் அவர் தவறினார், பெரிதாகவே தவறினார். சம்மதத்தின் ஆட்சி என்பது சம்மதம் என்ற சொல்லையே ஏற்காத ஒரு ஆட்சியிடம் என்ன செய்யும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஆனால் அந்தத் தவறைக் காட்டி அவருடைய முந்தைய 30 ஆண்டுகளையும் தள்ளிவிடுவது நேர்மையல்ல. 1919இல் அவரும் தோழியரும் எச்சரித்ததை அரசுகள் கேட்டிருந்தால், 1937இன் கேள்வி அந்த வடிவத்தில் எழுந்திருக்குமா?

இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்றாவது மாதத்தில், 1939 நவம்பர் 16 அன்று, 75 வயதில் அவர் இறந்தார். வாக்குரிமைப் போராட்டத்தின் கதையைச் சொல்கிறவர்கள் உடைந்த கண்ணாடிகளோடும் சிறைக் கதவுகளோடும் நிறுத்திவிடாமல், இந்தப் பெண் கேட்ட கேள்விக்கும் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டும்.