ஈயவெழுத்தும் அமெரிக்க அச்சாளரும்

நூலொன்றைக் கையிலெடுப்பவர் அதன் சொல்லையும் பொருளையும் நோக்குவரேயன்றி எழுத்தின் பருமனை நோக்குதல் அரிது. வெள்ளவத்தையிலோ கொலன்னாவையிலோ இன்று ஓர் அழைப்பிதழை அச்சிடுவோர் கணினியில் விரலசைத்த அளவிலே எழுத்தைப் பெருக்கவும் சுருக்கவும் செய்கின்றனர். ஈயவெழுத்துக் காலத்திலோ, ஒரு மொழியில் எத்தகைய நூல்கள் வெளிவரலாம், அவற்றை எத்தகையோர் வாங்கலாம் என்பன, அதன் எழுத்தை எவ்வளவு சிறிதாக வார்க்கலாம் என்பதைப் பெரிதும் பொறுத்திருந்தன. தமிழெழுத்தைச் சிறிதாக்கிய முயற்சியில் அமெரிக்க அச்சாளர் சிலர்க்கு உரிய இடத்தை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

முதலில் அத்தொழிலின் இயல்பைக் கூறுவாம். உருக்குத் துண்டொன்றின் நுனியிலே எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்குமாறு வெட்டப்படும். அதனைக் காய்ச்சி வன்மையாக்கிச் செம்பிலே அறைந்தால் பள்ளமான தாயச்சு உண்டாகும். அதனை வார்ப்புக் கருவியிற் பொருத்தி, ஈயம், வெள்ளீயம், அந்திமனி என்பன சேர்ந்த உருக்கை வார்த்தால் எழுத்துப் பிறக்கும். உரோம எழுத்துக்குப் பெரியனவும் சிறியனவுமாக 52 உருக்களும் எண்களும் குறிகளும் போதும். தமிழிலே காலும் கொம்பும் தனித்து வார்க்கப்படலாமாயினும், உகர ஊகாரங்கள் மெய்தோறும் உருமாறுவதால் அவற்றிற்கு மாத்திரம் 36 உருக்கள் வேண்டும். எழுத்துச் சிறுத்தால் ணகரத்தின் சுழிகளில் மை அடையும். புள்ளியின் நிலை இன்னும் பரிதாபமானது. அது ஒடிந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும். ஈயத்தில் ஊசிமுனையளவு குறைந்தமைக்குத் தொல்காப்பியன் விதி அனைத்தும் ஒருங்கே கெடும்!

ஆகவே முற்பட்ட எழுத்துக்கள் பெரியனவாயிருந்ததில் வியப்பில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் அச்சாயிற்று. தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகப் பருத்தவை. காகிதம் போதாமையால் சீகன்பால்குவின் அச்சகத்தார் அங்கேயே சிறியவற்றை வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளும் அதற்கு உதவின என்பர். கொழும்பிலே ஒல்லாந்தரின் அச்சகம் 1737இல் சிங்கள எழுத்தில் அச்சிடத் தொடங்கிற்று. அவ்வெழுத்தைச் சமைத்தவர் கேப்ரியல் ஷாடே என்பவர். தமிழும் பின்னர் இங்கு அச்சேறியது. கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் இந்நகரிலேயே வெளிவந்தது.

அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஜேம்ஸ் காரெற் என்னும் அச்சாளர் வந்திறங்கினார். அமெரிக்கர் மேலும் வருவதை விரும்பாத ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவர் இங்குத் தங்குதற்கு இசையவில்லை. காரெற் பம்பாய்க்குச் சென்றார்; 1831இல் இறக்கும்வரை அங்கேயே அச்சுப்பணி புரிந்தார். அவர் வளர்த்த அச்சகத்தின் வழியே மராத்தி எழுத்து வார்ப்பு செழித்தது. யாழ்ப்பாணம் இழந்ததை மராத்தி பெற்றது எனலாம். ஓர் ஆளுநரின் மறுப்பு இவ்வளவு தூரம் செல்லும்!

தடை நீங்கிய பின்னர் 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் தொழிற்படலாயிற்று. 'உதயதாரகை' 1841 சனவரியில் எழுந்தது. அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி வெளிவந்தது. சிறிய எழுத்தின் அருமை அகராதியிலேதான் புலப்படும். பருத்த எழுத்தில் அதனை அச்சிட்டால் நூல் தூக்கவும் இயலாததாகும். விலை மாணவர்க்கு எட்டாததாகும்.

இவ்வகையில் மிகச் சிறந்தவர் ஃபினியாஸ் ஹண்ட். 1840இல் சென்னைக்கு வந்து அமெரிக்க மிசன் அச்சகத்தை நடத்திய அவர், தமிழெழுத்தைச் சிறிதும் தெளிவுமாக்க இடையறாது முயன்றார். யாழ்ப்பாணத்தில் நைற் முதலியோர் திரட்டத் தொடங்கிய சொற்களை விரித்து வின்ஸ்லோ ஆக்கிய தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் அச்சிட்டவர் இவரே. 67,000க்கு மேற்பட்ட சொற்கள் ஒரே தொகுதியில் அடங்கின. அந்நூலின் முகப்பில் ஹண்டின் பெயர் உண்டு. எழுத்து வெட்டிய கைவினைஞர் பெயர் இல்லை. இத்தொழிலில் என்றும் உள்ள குறை இது. 1866இல் சென்னை அச்சகத்தை மிசனார் கைவிட, ஹண்ட் பீகிங்குக்குச் சென்று சீன எழுத்தோடு மல்லாடலானார்.

இதற்கிடையே ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பிற்கு உதவிய காலத்தில் அச்சின் ஆற்றலை அருகிருந்து கண்டவர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அச்சேறின. காற்புள்ளி முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தவர் அவர். மிசனாரோடு அவர் கொண்ட சமய மாறுபாடு யாவரும் அறிந்தது. அதனைக் காரணமாகக் கொண்டு அச்சாளர்க்குரிய கைத்தொழிற் கடனை மறைத்தல் நேர்மையன்று. நாவலரே அக்கருவியை வெறுத்தாரல்லர், தம்முடையதாக்கிக்கொண்டார்.

இவ்வச்சாளர் பிறந்த நாட்டிலோ தொழில் வேகமாக மாறிற்று. டேவிட் புரூஸ் 1838இல் எழுத்து வார்க்கும் பொறியை அமைத்தார். பென்றன் என்பவர் 1885இல் உருக்கு வெட்டுதலையே பொறியிடம் ஒப்படைத்தார். பெரிதாக வரைந்த படத்தைக் கருவி பின்பற்றி எந்த அளவிலும் எழுத்தை வெட்டும். 1886இல் மெர்கந்தாலரின் லைனோரைப் வரிவரியாக வார்த்தது. ஆனால் அதன் விசைகள் 90. எழுத்து மிகுந்த தமிழ் அதற்குள் அடங்குவது எங்ஙனம்? பொறிக்கு ஏற்ப எழுத்தைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணம் இங்ஙனம் வலுப்பெற்றது. பெரியார் 1935இல் தம் இதழிற் கையாண்ட திருத்தங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய உருக்கள் நீங்கின. வின்ஸ்லோ அகராதியோ பழைய பக்கங்களைப் படமெடுத்த மறுபதிப்பாகவே இன்றும் கிடைக்கின்றது. அதனைப் புரட்டும் மாணவர் தும்பிக்கை தூக்கிய பழைய லைகாரத்தைக் கண்டு திகைப்பர். அது ஹண்டின் அச்சகத்து ஈயவெழுத்தின் உருவமே.