வெலிங்டன் சிப்பாய்களும் டியூராண்ட் கோப்பையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், வயல்வெளிகளுக்கு நடுவே தனித்து நிற்கும் பெருமுக்கல் குன்றின்மேல் ஏறி, முக்தியாசலேசுவரர் கோயில் சுவரோரம் அமர்ந்து இளைப்பாறுகிறவனுக்கு, இந்தப் பாறைக்காக 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரத்தம் சிந்தினார்கள் என்பது எளிதில் நம்பக்கூடிய செய்தியாக இராது. ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் காலத்திலே இப்பிரதேசத்தில் போரிட்ட மதராஸ் சிப்பாய்களின் வழிவந்ததுதான் இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட். அது யுத்தகளத்தில் பெற்ற கீர்த்தி சரித்திரத்தில் ஏறிவிட்டது. பந்தாட்டத்தில் பெற்றதையோ நம்மவர்கள் அநேகமாக மறந்தே போனார்கள்.

ரெஜிமெண்டல் சென்டர் என்பது புதிதாகச் சேர்ந்த இளைஞர்களைச் சிப்பாய்களாக்கி, பட்டாளங்களுக்கு அனுப்பும் பயிற்சி நிலையம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சென்டர், நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. இராணுவத்தாரின் பந்தாட்டம் என்றால், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி 1890 முதல் கடற்படைக் கல்லூரியோடு கால்பந்தில் மோதிவருவது உலகப் பிரசித்தம். ஆனால் அவர்கள் கால்பந்து என்று சொல்வது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்! நம் சிப்பாய்கள் ஆடியதோ காலால்தான்.

1888-ல் சிம்லாவில், பிரிட்டிஷ் பட்டாளங்களுக்கிடையிலான பந்தயமாகத் தோன்றிய டியூராண்ட் கோப்பையை, 1940-ல் முகமதன் ஸ்போர்டிங் வெல்லும்வரை இந்தியக் குழு எதுவும் கைப்பற்றியதில்லை. சுதந்திரத்திற்குப்பின், கல்கத்தாவின் பெரிய சங்கங்களும் ஹைதராபாத் போலீஸும் அதனை மாறிமாறி எடுத்துச்சென்ற காலத்திலே, வெலிங்டன் சென்டரின் குழு 1955-ல் விமானப்படையையும், 1958-ல் கூர்க்கா பிரிகேடையும் இறுதியாட்டத்தில் வென்று இருமுறை வாகை சூடிற்று. இரு இறுதியாட்டங்களிலும் இரு பக்கமும் படைவீரர்களே நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மலைக்காற்றுதான் காரணம் என்பாருண்டு. தோற்ற கூர்க்கர்களும் மலைநாட்டாரே ஆகையால், அந்த நியாயம் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. விடியற்காலை அணிவகுப்பும், ஒரே கூடத்தில் உணவும், ஒரே மைதானத்தில் மாலை அப்பியாசமுமாக ஆண்டு முழுவதும் கூடி வாழ்கிறவர்களுக்கு, யார் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது திரும்பிப் பாராமலே தெரிந்துவிடுகிறது. மேலும், 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபிறகே, நம் ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. பூட்ஸில் நடப்பதையே தொழிலாகக் கொண்ட சிப்பாய்க்கு அது ஒரு பாரமா?

அக்குழுவின் ரத்தினம் பீட்டர் தங்கராஜ். 1953-ல் சென்டரில் சேர்ந்தபோது அவர் முன்னணியில் நின்று கோல் அடிக்க முயன்றவர்; அந்த நெடிய உருவத்தைக் கோல் கம்பங்களுக்கு இடையில் கொண்டுபோய் நிறுத்திய யோசனை எவருடையதாயினும், அது இந்தியக் கால்பந்துக்கே செய்த உபகாரம். இரு டியூராண்ட் வெற்றிகளிலும் பங்குகொண்டு, 1956-ல் மெல்போர்னுக்கும் 1960-ல் ரோமுக்கும் ஒலிம்பிக் வீரராகப் போனார். முப்படைகளின் சர்வீஸஸ் குழுவுக்குத் தலைமை தாங்கி, தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையையும் வென்று கொடுத்தார். அப்புறம் இராணுவ உடையைக் களைந்துவிட்டு, எந்தச் சங்கங்களிடம் கோப்பைக்காகப் போட்டியிட்டாரோ, அந்தக் கல்கத்தாச் சங்கங்களுக்கே கோல் காக்கப் புறப்பட்டார்.