மருந்தும் துணை மருந்தும்

உயர் இரத்த அழுத்தத்திற்கெனப் புதிய மருந்தொன்று உருவாகும்போது, அது அழுத்தத்தைக் குறைக்கிறதா என அறிந்தால் போதும் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அதை உட்கொள்ளப்போகும் நோயாளி ஏற்கெனவே பீட்டா தடுப்பான் வகை மருந்தொன்றை உண்டு வருபவராக இருக்கலாம். இரண்டும் ஒரே உடலில் சேரும்போது நேர்வது என்ன? இதனை முதலில் விலங்குகளிடம் ஆராய்கின்றனர்.

இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்தொன்று அழுத்தத்தை இறக்கினால், உடல் அவ்வீழ்ச்சியை ஈடுசெய்ய முனைகிறது. பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு இதயம் விரைந்து துடிக்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது. இவ்விரைவைத் தணிப்பதே பீட்டா தடுப்பானின் பணி.

மினாக்சிடில் என்னும் மருந்து இதற்குத் தக்க சான்றாகும். அது அழுத்தத்தை வலுவாகக் குறைத்தது. எனினும் அதனை உட்கொண்ட நாய்களின் இதயத் தசையில் சில இடங்களில் திசுக்கள் மடிந்திருந்தன. மிகைத் துடிப்பால் தசையின் பிராணவாயுத் தேவை பெருகியதும், அழுத்தம் தாழ்ந்ததால் அதற்குக் கிடைக்கும் இரத்தம் குறைந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தைப் பொதுவாகப் பீட்டா தடுப்பானுடனும் சிறுநீர்ப் பெருக்கியுடனும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதியாயிற்று.

எல்லாச் சேர்க்கைகளும் இவ்வாறு நலம் பயப்பதில்லை. வெராப்பமில் என்னும் மருந்தும் பீட்டா தடுப்பானைப் போன்றே இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலைத் தாமதப்படுத்துகிறது. இரண்டும் இணையும்போது துடிப்பு அளவுமீறித் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் விலங்குகளை நான்கு குழுக்களாகப் பிரிப்பதுண்டு. ஒன்றுக்குப் புதிய மருந்து, மற்றொன்றுக்குப் பீட்டா தடுப்பான், மூன்றாவதற்கு இரண்டும் தரப்படும். நான்காவதற்கு எதுவும் தரப்படாது. அழுத்தத்துடன் நாடித்துடிப்பு, இதயத்தின் சுருங்கும் வலிமை, மின்வரைபடம் ஆகியனவும் ஒப்பிடப்படும். ஜப்பானில் ஒகமோட்டோ, அவோக்கி ஆகியோர் 1963இல் அறிவித்த, தானாகவே உயர் அழுத்தம் தோன்றும் எலியினம் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது.

எனினும் எலியின் இதயம் மனித இதயமன்று. சிங்கத்திடமோ குதிரையிடமோ சோதித்த மருந்து மனிதனிடமும் அவ்வாறே செயற்படும் எனக் கொள்ளலாகாது என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் சுட்டிக்காட்டினார். விலங்காய்வு எச்சரிக்கை தருமே தவிர, இறுதித் தீர்ப்பு வழங்காது. அதனாலேயே அதன் பின்னர் மனிதர்களிடம் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகச் சோதனைகள் நடைபெறுகின்றன.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காது கூற வேண்டும். பீட்டா தடுப்பானை நாமாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. நெஞ்சுவலியும் மாரடைப்பும் அதனால் நேரக்கூடும்.