இராஜபாளையம் நாய்: காது கேளாமையும் பொறுப்பான இனப்பெருக்கமும்

இராஜபாளையம் நாய் என்பது விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம் பகுதியில் உருவான, நீண்ட கால்களும் ஆழ்ந்த மார்பும் கொண்ட வெள்ளை நிற நாயினம் ஆகும். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இந்த இனத்தின் படத்துடன் இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரி 9 அன்று தபால்தலை வெளியிட்டது. ராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவை அதே வரிசையில் இடம்பெற்ற மற்ற மூன்று இனங்கள். திண்டுக்கல் மாவட்டத்திலும், குறிப்பாக வத்தலக்குண்டு, நிலக்கோட்டை சுற்றுவட்டாரத்துத் தென்னந்தோப்புகளிலும் வாழைத் தோட்டங்களிலும், நாட்டு இனக் காவல் நாய்களை விரும்பி வளர்ப்போர் பலர். குட்டி வாங்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மாசில்லாத வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் இருந்தால் நல்ல விலை. இந்த விருப்பமே இந்த இனத்தின் மிகப்பெரிய உடல்நலக் குறையோடு தொடர்புடையது. இராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை அடிக்கடி காணப்படுகின்றன.

வெள்ளை நிறத்துக்கும் செவிக்கும் என்ன தொடர்பு?

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருபவை மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள். கரு வளரும்போது இவை முதுகுப் பகுதியிலிருந்து கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன. அவற்றுள் சில உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவிலும் போய்த் தங்குகின்றன. அங்கு அவற்றின் வேலை நிறம் கொடுப்பது அன்று. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சூழ்ந்த திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதில் அவை பங்கேற்கின்றன. நிறமிச் செல்கள் காதுவரை சென்று சேராவிட்டால் அச்சமநிலை கெடுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் நுண்மயிர்ச் செல்கள் அழிந்துவிடுகின்றன. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. எனவே இக்குறைக்கு மருந்து கிடையாது.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எல்லா வெள்ளை விலங்குகளுக்கும் காது கேளாமல் போவதில்லை. ஆய்வகங்களிலும் சிலர் வீடுகளிலும் வளர்க்கப்படும் செந்நிறக் கண் கொண்ட வெள்ளை எலிகள் நன்றாகக் கேட்கும். அவை 'அல்பினோ' வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உடலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. நிறமியை உண்டாக்கும் திறன் மட்டுமே இல்லை. செல் இருப்பதால் காது பிழைத்துக்கொள்கிறது. டால்மேஷன் போன்ற நாய்களின் வெள்ளைப் பகுதியில் செல்களே இல்லை. இராஜபாளையம் நாயின் கண்ணில் பொன்னிறம் இருப்பதே அது முழு அல்பினோ அல்ல என்பதைக் காட்டும். நீலக்கண் பூனைகளுக்கும் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பை டார்வின் 1859-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

இது குறித்து மிக விரிவாக ஆராயப்பட்ட இனம் டால்மேஷன். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலுமோ கேட்கும் திறன் இல்லை. பிறக்கும்போதே தலையில் பெரிய கறுப்புத் திட்டு உள்ள குட்டிகளில் இக்குறை குறைவு. ஆனால் கண்காட்சி விதிகளின்படி அத்திட்டு ஒரு குற்றம்; எனவே ஆரோக்கியமான காதுடைய அக்குட்டிகள் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டன. நம் ஊரிலும் இதுவே நடந்தது. வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தாலும் பழுப்போ கறுப்போ திட்டு விழுந்த இராஜபாளையம் குட்டிகள் 'சாதி கெட்டது' என்று ஒதுக்கப்பட்டன. பிறந்தவுடன் கொல்லப்பட்டதும் உண்டு. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு குட்டியோடும் இனத்துக்குத் தேவையான நிறமி மரபணுக்கள் வெளியேறின.

இதே வட்டாரத்தைச் சேர்ந்த கோம்பை நாயை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேனி மாவட்டத்துக் கோம்பையைப் பூர்வீகமாகக் கொண்ட அந்நாய் செம்பழுப்பு உடலும் கறுத்த முகமும் உடையது. நிறமி நிறைந்த அவ்வினத்துக்கு வெள்ளை நிறத்தால் வரும் இந்தச் சிக்கல் இல்லை.

குட்டியின் செவியைச் சோதித்தல்

நாய்க்குட்டிகள் பிறக்கும்போது காதுத் துவாரம் மூடியே இருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திறக்கும். ஐந்து வாரத்துக்குப் பின் செய்யும் சோதனையே நம்பத்தக்கது. வீட்டில் செய்யும் முறை எளியது: குட்டி தனியாகத் தூங்கும்போது, அது பார்க்காத பக்கத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். தரையைத் தட்டக் கூடாது. கையால் காற்று வீசக் கூடாது. காது கேளாத குட்டி அதிர்வையும் காற்றையும் உணர்ந்து திரும்பிவிடும், வளர்ப்பவர் ஏமாந்துவிடுவார். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது சோதிப்பதும் பயன் தராது. ஒன்று எழுந்தால் எல்லாம் எழும்.

ஒரு காது மட்டும் கேளாத குட்டியை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. கூப்பிட்டால் அது ஓடி வரும். ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதில் மட்டும் தடுமாறும். நல்ல நாய் என்றே அது விற்கப்படும், குட்டியும் ஈனும். இத்தகைய நாயைப் பெற்றோராக வைத்தால், இரு காதும் கேட்கும் பெற்றோரின் ஈற்றோடு ஒப்பிடும்போது குறையுள்ள குட்டிகள் ஏறத்தாழ இரு மடங்கு பிறப்பதை டால்மேஷன் ஆய்வுகள் காட்டுகின்றன. இதை உறுதியாக அறியும் வழி ஒன்றுதான். பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் செய்யப்படும் 'பெரா' சோதனையே நாய்க்கும் செய்யப்படுகிறது. காதருகே சிறு ஒலியை எழுப்பி, மூளைத்தண்டில் எழும் மின்னலைகளை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே பதிவு செய்வார்கள். வத்தலக்குண்டு போன்ற சிற்றூர்களில் இந்த வசதியை எதிர்பார்க்க இயலாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளை விசாரிப்பது நல்லது. பிரிட்டனில் இச்சோதனையைப் பயன்படுத்தித் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில், 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு டால்மேஷன்களின் காது கேளாமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நெருங்கிய உறவில் இணை சேர்த்தல்

நாட்டு இனங்களில் தரமான நாய்களின் எண்ணிக்கை குறைவு. ஆகவே ஒரே ஈற்றின் அண்ணனும் தங்கையும், தகப்பனும் மகளும் இணை சேர்க்கப்படுவது வழக்கமாகிவிட்டது. 'ரத்தம் மாறாமல் இருக்கும்' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இதன் விளைவைக் கணக்கிடலாம். உடன்பிறப்புகளுக்குப் பிறக்கும் குட்டி, ஒரு மரபணுவின் ஒரே முன்னோர் நகலை இருபுறமும் பெறும் வாய்ப்பு 25 விழுக்காடு. தகப்பன், மகள் இணையிலும் அதே அளவுதான். பாட்டன், பேத்தி இணையில் 12.5, பெரியப்பன் பிள்ளை, சித்தப்பன் பிள்ளை உறவில் 6.25. மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும் வாய்ப்பு இதே அளவில் கூடுகிறது. குட்டிகள் எண்ணிக்கை குறைவது, பால்குடிப் பருவத்திலேயே சாவது ஆகியவை முதல் அறிகுறிகள்.

பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கென்னல் கிளப் சான்றிதழ் பரம்பரையைக் காட்டும். உடல்நலத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் அதில் மூன்று தலைமுறைப் பெயர்களைப் படித்துப் பார்த்தால் ஒரே நாய் இருபுறமும் வருகிறதா என்பது தெரிந்துவிடும். வாங்குவோர் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை.

சட்டம் சொல்வது

நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசின் விதிகள் 2017-இல் வெளியாயின. விற்பனைக்காக வளர்ப்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறைவதற்கு முன்போ 8 வயதுக்குப் பின்போ இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், அடுத்தடுத்த இரு பருவங்களிலும் கூடாது. 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. பால் மறக்காத குட்டிகளைக் கூடையில் வைத்து விற்பது இந்த விதியின்படி குற்றமாகும். சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவை நடத்திவந்தது. வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் அதை மூட உத்தரவிட்டது. இனத்தைக் காக்கும் பொறுப்பு இன்று பெரும்பாலும் தனியார் கையில்தான் உள்ளது.

பிற உடல்நலக் குறைகள்

வெள்ளை முடியின் கீழ் உள்ள நிறமற்ற தோல் வெயிலைத் தாங்காது. மூக்கு, காது நுனி, வயிறு ஆகிய இடங்களில் புண் உண்டாகலாம். பங்குனி, சித்திரை வெயிலில் நிழலற்ற இடத்தில் சங்கிலியிட்டுக் கட்டுவது தவறு. சொறிநோயும் இந்த இனத்தில் அடிக்கடி வருகிறது. சிறு உண்ணிகள் பரவும் காலத்தில் காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு, தாமதமே ஆபத்து. ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் நிலையும் ஏற்படலாம். தின்றவுடன் ஓடவிடக் கூடாது.

இணை சேர்ப்பதற்கு முன் இரு நாய்களின் பிறப்புறுப்பையும் மருத்துவர் பார்ப்பது அவசியம். இணைசேர்க்கையின்போது ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகத் தொற்றும் ஒரு வகைக் கட்டி நம் நாட்டில் பரவலாக உள்ளது. தெருநாயிடமிருந்து கடுவனுக்கு வந்து, அதன் வழியாகப் பல பெட்டைகளுக்குப் பரவும். ஊசி மருந்தால் பெரும்பாலும் குணமாகும்.

காது கேளாத குட்டி பிறந்துவிட்டால்

அதைக் கொல்லவோ தெருவில் விடவோ தேவையில்லை. வாகன ஒலி கேளாத நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் நெடுநாள் உயிரோடிருக்காது. ஆகவே வேலியிட்ட இடத்தில் வளர்க்க வேண்டும். கையசைவுகளை இந்நாய்கள் விரைவில் கற்றுக்கொள்கின்றன. தூங்கும்போது திடீரெனத் தொட்டால் பதறிக் கடிக்கும் என்பதால், முதலில் தரையைத் தட்டி எழுப்பப் பழக்க வேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருட்டில் கையசைவு தெரியாது. டார்ச் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினால் வரும்படி பழக்கலாம். கருத்தடை அறுவை செய்துவிட்டு, அதன் பெற்றோர் இணையை மறுபடி சேர்க்காமல் இருப்பது அடுத்த ஈற்றுக்குச் செய்ய வேண்டிய வேலை. அதே ஈற்றில் திட்டு விழுந்த, நன்றாகக் காது கேட்கும் குட்டி இருந்தால், வருங்காலத் தாயாக வளர்ப்பதற்கு அதைத் தேர்ந்துகொள்ளலாம்.